சுத்தியலோட வீடு பாக்கப் போங்க தம்பி

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சுட்டேன். அப்பா பாகத்துல வந்த பூமிய வித்த காசு 60 லட்சம் சொச்சம் கையில இருக்குது, வேலை பெங்களூர்ல, மாசாமாசம் வாடகை வர்ற மாதிரி ஊருப்பக்கம் எதையாச்சும் வாங்கிப் போடோணும். திருப்பூர்ல 15 வேலம்பாளையம்ங்கற எடத்துப் பக்கம் அஞ்சரை சென்ட்ல எட்டு வீட்டு லைன், அதாவது ஒட்டி ஒட்டி வரிசையா கட்டின சின்ன வாடகை வீடுக, 58 லட்சம் சொல்றாங்க, வீட்டுக்கு 5,500 வாடகை. இன்னொண்ணு கோயமுத்தூர் சரவணம்பட்டி பக்கம் புது பிளாட், ரெண்டு பெட்ரூம், 1,100 சதுரடி, 62 லட்சம், 20,000 வாடகை போகும்னு பில்டர் ஆளு சொல்றாப்ல. லைன் வீடு பாக்க அசிங்கமா இருக்குது ஆனா வாடகை கொட்டுது, பிளாட் பளபளன்னு இருக்குது ஆனா வாடகை பத்தல, விலைய பாக்கறதா தரத்த பாக்கறதான்னு கேட்டிருக்கீங்க.

நான் 26 வருசமா அவிநாசி, திருப்பூர், கோவை சுத்துவட்டாரத்துல கட்டட வேலை எடுத்து செய்யறவனுங்க. எனக்குன்னு மூணு எடத்துல 11 வாடகை வீடு இருக்குது, அதுல ரெண்டு எடத்துல நல்லா அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், டீய கையில வெச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல கணக்கு. லைன் வீடு எட்டுக்கு 44,000, வருசத்துக்கு 5,28,000. 58 லட்சத்துக்கு 9 சதவீதம் வருது, கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், முழு விலைக்கும் போட்டா அதுவே அஞ்சே கால் லட்சம், அப்ப உங்க முதல் 63 லட்சத்த தாண்டிருச்சு. எட்டு வீடும் வருசம் பூரா நிறைஞ்சு இருக்காதுங்க, தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பம் திரும்பி வராது, பொங்கலுக்கு ஒண்ணு காலி ஆகும், மொத்தத்துல ஒரு மாச வாடகை போச்சுன்னு வெச்சுக்கோங்க. வீட்டு வரி, மோட்டார் காயில் கட்டறது, செப்டிக் டேங்க் லாரி, ஆள் மாறும்போது வெள்ளையடிக்கறதுன்னு 70,000. பெரிய வேலைக்குன்னு வருசம் 60,000 தனியா எடுத்து வெக்கோணும், இது யாரும் வெக்கறதில்ல, வெக்காதவங்கதான் அஞ்சாவது வருசம் நகைய அடகு வெக்கறாங்க. இதெல்லாம் போக மிஞ்சறது மூணரை லட்சம். அஞ்சரை சதவீதம் சொச்சம். வாங்குன உடனே ரிப்பேருக்கு 7 லட்சம் எறங்குச்சுன்னா அஞ்சுல வந்து நிக்கும்.

பிளாட் கணக்கு இன்னும் மோசம். 62 லட்சத்தோட பத்திரச் செலவு, கார் பார்க்கிங், ஈபி டெபாசிட் அது இதுன்னு சேத்தா 68 லட்சம் ஆயிரும். வாடகை 2,40,000. அதுல மெயின்டெனன்ஸ் சதுரடிக்கு 3 ரூபான்னா வருசத்துக்கு 39,600, ஒரு மாசம் காலி கெடந்தா 20,000, வரி கிரி எல்லாம் போக ஒண்ணே முக்கால் லட்சம் மிஞ்சும். ரெண்டரை சதவீதம்ங்க. பேங்க்ல டெபாசிட் போட்டுட்டு கால நீட்டி படுத்தாலே அத விட டபுளுக்கு மேல வருது. ரெண்டுலயும் இன்னொரு விசயம், விலை 50 லட்சத்த தொட்டாலே விக்கறவருக்கு குடுக்கற காசுல 1 சதவீதம் டிடிஎஸ்ங்கற வருமான வரி பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்ட வேண்டியது வாங்கறவர் பொறுப்பு, விக்கறவர் கட்டிக்குவார்னு விட்டுராதீங்க, நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

அப்ப லைன் வீடுதானேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, 2011-ல. அந்த வருசம் ஜனவரில நொய்யல்ல சாயத்தண்ணி விடறாங்கன்னு ஹைகோர்ட் உத்தரவு போட்டு திருப்பூர் சாயப்பட்டறைய எல்லாம் மூடினாங்கல்ல, ஊரே அரண்டு போச்சு, ஆளுக மூட்டைய கட்டிட்டு கெளம்பிட்டாங்க, லைன் லைனா வீடு காலி. அப்ப ஒருத்தர் ஆறு வீட்டு லைன் ஒண்ண 17 லட்சத்துக்கு தள்ளி விட்டார். அதே சமயம் அடுத்த வீதில இன்னொரு லைன் 21 லட்சம் சொன்னாங்க, அதுவும் ஆறு வீடுதான், வாடகையும் ஒண்ணுதான், ஒரு ரூபா கூடக் கெடையாது. 4 லட்சம் மிச்சம், எதுக்கு அதிகமா குடுக்கோணும்னு என்ற சம்சாரத்துகிட்ட பெருமையா சொல்லிட்டு கம்மி விலைய வாங்குனேன். புதுசா மஞ்சக் கலர் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. பழைய வீட்டுக்கு விக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி புது பெயிண்ட் எதுக்குன்னு எனக்கு அன்னிக்கு தோணல பாருங்க, இத்தனைக்கும் நானே கட்டட வேலைக்காரன்.

2013 ஐப்பசி மழைல ஒரு நா ராத்திரி ஒன்பதரைக்கு போன். மூணாவது வீட்டு அக்கா, உசிலம்பட்டிப் பக்கம், "சீலிங் விழுந்திருச்சு அண்ணே"ன்னு. போய்ப் பாத்தா அடுப்புக்கு மேல ஒரு சோத்துக்கூடை அகலத்துக்கு கான்கிரீட் பேத்துக்கிட்டு கீழ கெடக்குது, கொழம்புச் சட்டி நசுங்கிப் போச்சு, அந்தம்மா அஞ்சு நிமிசம் முன்னாடிதான் புள்ளைக்கு சோறூட்ட வெளிய வந்திருக்குது. டார்ச் அடிச்சு மேல பாத்தேன், கம்பி தெரியுது, கம்பின்னு சொல்ல முடியாது, வெரல்ல தொட்டா வரட்டியாட்ட பத்தை பத்தையா உரியுது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, விழுந்த கான்கிரீட் அஞ்சு நிமிசம் முந்தி விழுந்திருந்தா என்னாயிருக்கும்ங்கறதே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

காரணம் என்னன்னா அந்த வீடு கட்டினப்போ அங்கத்த போர் தண்ணிலயே கலவை போட்டு அதுலயே தண்ணி ஊத்தி ஆற வெச்சிருக்காங்க. திருப்பூர் சுத்தி நிலத்தடித் தண்ணி எவ்வளவு உப்புன்னு உங்களுக்கே தெரியும், சோப்பு நொரைக்காது. அந்த உப்பு கான்கிரீட்டுக்குள்ள போய் கம்பிய அரிக்கும், இரும்பு துரு ஆனா முன்ன இருந்தத விட ரெண்டு மூணு மடங்கு எடம் கேக்கும், எடம் பத்தாம கான்கிரீட்ட வெளிய தள்ளும், அதுதான் சீலிங் விழறது. மேல பூச்சு பூசி பெயிண்ட் அடிச்சா ஒரு ரெண்டு வருசம் மறைக்கலாம், அந்த ரெண்டு வருசத்துலதான் என்னாட்ட ஒருத்தன் வந்து வாங்குவான்.

ரெண்டு வீட்டு தளத்த பூரா ஒடைச்சு புதுசா போட்டேன், மத்த நாலு வீட்டுல அரிச்ச எடத்த கொத்தி எடுத்துட்டு, கம்பிய சுரண்டி துரு நிக்கற மருந்து அடிச்சு, தேஞ்ச எடத்துல கூடக் கம்பி கட்டி பூசுனோம். கூலி என்ற ஆளுகளுக்குத்தான், அதனால கொறச்சலு, அப்படியும் 4 லட்சத்து 60 ஆயிரம். ரெண்டு வீடு அஞ்சு மாசம் காலி. அடுத்த வீதி லைன் இன்னிக்கும் கல்லாட்ட நிக்குது, அத வாங்குனவர் என்னைய எங்க பாத்தாலும் மரியாதையா கும்படறாப்ல, எனக்குத்தான் மனசு கசக்குது.

அதனால பழைய வீடு பாக்கப் போனா கையில அரைக்கிலோ சுத்தியல் ஒண்ணு வெச்சுக்கோங்க. சீலிங்க லேசா தட்டுங்க, பலமா வேண்டாம். நல்ல தளம்னா டங்குன்னு கெட்டியா சத்தம் வரும். உள்ள கம்பி உப்பி பூச்சு விட்டிருந்தா பொத்துன்னு பொள்ளலா கேக்கும், தேங்கா தட்டிப் பாக்கறோம்ல அதேதான். பாத்ரூம் மேல, சமையக்கட்டு மேல, மொட்டைமாடித் தண்ணி எறங்கற பைப் பக்கம், இந்த மூணு எடத்துலதான் மொதல்ல போகும். நம்ம ஸ்கூல் லேப்ல பினாப்தலீன்னு ஒரு மருந்து ஊத்துவாங்க, ஞாபகம் இருக்குதா, அத வாங்கி புதுசா ஒடைச்ச கான்கிரீட் மேல தெளிச்சா நல்ல கான்கிரீட் ரோஸ் கலர் ஆகும், சத்து போனது நெறம் மாறாம அப்படியே இருக்கும். ஆனா உப்பு ஏறினத அது காட்டாது, அதுக்கு சுத்தியலும் கட்டினப்போ என்ன தண்ணி ஊத்துனாங்கன்னு அக்கம்பக்கத்து பெருசுககிட்ட கேக்கறதும்தான் வழி.

இப்ப நேர் எதிர்ப்பக்கம் நான் பண்ணின கூத்த சொல்றேன். லைன் வீட்டுல சூடு பட்டதும் இனி தரமாத்தான் கட்டுவேன்னு 2016-ல கோவை வடவள்ளில ஒரு வீடு கட்டுனேன், கீழயும் மேலயும் வாடகைக்கு. கீழ் வீட்டுக்கு தேக்கு நிலை, தேக்கு கதவு, சமையக்கட்டுல கருப்பு கிரானைட், ஹாலுக்கு கிரானைட் தரை, பால்ஸ் சீலிங்ல நீல லைட்டு வேற. மேல் வீட்டுக்கு கையில காசு தீந்து போச்சு, சாதா டைல்ஸ், வேப்பமரக் கதவு, அவ்வளவுதான். கீழ் வீட்டுக்கு மேல் வீட்ட விட ஆறரை லட்சம் அதிகம் செலவு. வாடகை வித்தியாசம் எவ்வளவு தெரியுங்களா, மாசம் 1,500. அதுலயும் பாதி, கீழ் வீடுன்னா படி ஏற வேண்டாம், வண்டி நிறுத்த வாசல் இருக்குதுங்கறதுக்காகத்தான் குடுத்திருப்பாங்க. வருசம் 18,000-க்காக ஆறரை லட்சம் போட்டேன், மூணு சதவீதம் கூட தேறல. குடி வந்த பேங்க் ஆபீசர் மொத நாளே பால்ஸ் சீலிங்ல புள்ளைக்கு தூளி கட்ட கொக்கி இல்லையான்னு கேட்டார்.

அதே நேரத்துல அந்தத் திருப்பூர் லைன்ல ஒரு சின்ன வேலை செஞ்சேன். நல்லதண்ணிக்கு தனி சம்ப்பு, ஆறு வீட்டுக்கும் மாடில தனித்தனி சின்ன டேங்கு, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி பைப். 1,10,000 ஆச்சு. அடுத்த ஆள் மாறும்போது வீட்டுக்கு 500 ஏத்துனேன், யாரும் வாய தொறக்கல, மூணு வருசத்துல போட்ட காசு வந்திருச்சு. முந்தி ஒரே டேங்கு, மொத வீட்டுக்காரம்மா மூணு டிரம்முல புடிச்சு வெச்சுக்கும், கடைசி வீட்டுக்காரன் ராத்திரி எட்டரைக்கு பனியன் கம்பெனி ஷிப்ட் முடிச்சு ஒடம்பெல்லாம் பஞ்சோட வந்து குழாய தொறந்தா காத்து வரும். அந்தக் கடைசி வீடுதான் வருசத்துக்கு ரெண்டு தடவ காலியாகும். டேங்கு பிரிச்சு விட்டப்பறம் அதே கடைசி வீட்டுல ஒரு குடும்பம் ஏழு வருசமா இருக்குது.

இதுதான் தம்பி நான் சொல்ல வர்றது. தரம்னு ஒத்தை வார்த்தைல சொல்றோம், ஆனா கூட்டிக் கழிச்சா அது வேற வேற சமாச்சாரம். தளம், கம்பி, வயரிங், பாத்ரூம் அடில தண்ணி எறங்காம இருக்கறது, செப்டிக் டேங்கு, பத்திரம், இதெல்லாம் வாடகைய ஒரு பைசா கூட ஏத்தாது, குடியிருக்கறவங்க கண்ணுக்கே படாது, ஆனா இதுல மிச்சம் புடிச்ச காசு வட்டியோட வெளிய போகும். தண்ணி, தனி மீட்டர், காத்தோட்டம், வண்டி நிறுத்தற எடம், துணி காயப்போட எடம், இதுக்கு வாடகைக்காரங்க நெசமாவே காசு குடுப்பாங்க. கிரானைட்டும் தேக்கும் நாமளே வாசல்ல நின்னு பாத்து சந்தோசப்பட்டுக்கறதுக்கு. நமக்கு குடியிருக்க கட்டினா எல்லாத்தையும் போடுங்க, யார் வேண்டாங்கறா.

வயரிங் பத்தி தனியா சொல்லோணும், ஏன்னா இதுல உசுரு போகும். லைன் வீடுகள்ல காலைல வெந்நீருக்கு எல்லாரும் அலுமினியக் குண்டாவுல ஹீட்டர் காயில போட்டு சுட வெப்பாங்க. எர்த் இல்லாத வீட்டுல அந்தக் காயில் கசிஞ்சா குண்டாவ தொட்ட ஆள் அவ்வளவுதான். நீங்க பாக்கப் போற லைன்ல ஈபி பொட்டிய தொறந்து பாருங்க. பழைய பீங்கான் பியூஸ் கட்டையும் முறுக்கி விட்ட கம்பியும் இருந்துச்சுன்னா வயரிங் பூரா மாத்தோணும்னு கணக்கு போட்டுக்கோங்க, வீட்டுக்கு வீடு கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒண்ணு மாட்டி, எர்த் புதுசா எறக்கோணும், விலை பேசும்போது இந்தக் காச கழிச்சுப் பேசுங்க. அப்பறம் எத்தன ஈபி சர்வீஸ், அதாவது கரண்ட் இணைப்பு இருக்குதுன்னு பாருங்க. எட்டு வீட்டுக்கும் தனித்தனி சர்வீஸ்னா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், கம்மி ஸ்லாப்ல ஓடும். ஒரே சர்வீஸ்ல சப் மீட்டர் போட்டு எட்டு வீடும் ஓடுனா யூனிட் கூடிக்கூடி மேல் ஸ்லாப்புக்குப் போய் எல்லாருக்கும் பில்லு எகிறும், மாசம் பொறந்தா சண்டைதான், அந்தப் பஞ்சாயத்த நீங்க பெங்களூர்ல இருந்து போன்ல பேசோணும்.

செப்டிக் டேங்கும் அதே மாதிரி. எட்டு குடும்பம்னு கணக்குப் போட்டு கட்டினதுல வடக்க இருந்து வந்த பசங்க வீட்டுக்கு ஆறு பேர்னு இருந்தா 48 பேரு. வாடகை 1,000 கூட வரும், தண்ணியும் டேங்கும் அதே மாதிரி கூடத் தாங்கோணும். பாதாள சாக்கடை லைன் அந்த வீதிக்கு வந்திருக்குதா, வீட்டோட இணைச்சிருக்காங்களான்னு மாநகராட்சில கேட்டுருங்க.

பத்திரத்த பத்தி சுருக்கமா சொல்லிடறேன், இத வக்கீல்தான் பாக்கோணும், நீங்களும் நானும் இல்ல. தாய்ப் பத்திரம், 30 வருச வில்லங்கச் சான்று, பட்டா விக்கறவர் பேர்ல தனியா இருக்குதா இல்ல பங்காளிகளோட கூட்டுப் பட்டாவா, வர்ற வழித்தடம் பொதுவா இல்ல யாரோ தோட்டத்துக்காரர் பெருந்தன்மைல விட்டதா. நம்ம பக்கம் பழைய லைன் வீடுகள்ல பாதிக்கு பிளான் அப்ரூவல் ஒத்தை வீட்டுக்குத்தான் இருக்கும், அப்பறம் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு சேத்துக் கட்டியிருப்பார். நாளைக்கு நீங்க லோனுக்கோ விக்கவோ போனா பேங்க் இன்ஜினியர் அப்ரூவல் பிளானயும் வீட்டயும் மாத்தி மாத்திப் பாத்துட்டு ஒதட்ட பிதுக்குவார். விலை கம்மியா இருக்கறதுக்கு காரணமே அதாத்தான் இருக்கும் பல நேரம்.

இப்ப பிளாட்டுக்கு வர்றேன். பிளாட்ட நான் கொறை சொல்லலைங்க, 8 வீட்டுக்கு மேல இருந்தாலோ 500 சதுரமீட்டருக்கு மேல நிலம் இருந்தாலோ ரெரான்னு சொல்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கோணும், சாவி குடுத்த நாள்ல இருந்து 5 வருசத்துக்குள்ள கட்டடத்துல கொறை தெரிஞ்சா பில்டர் சொந்தச் செலவுல 30 நாள்ல சரி பண்ணிக் குடுக்கோணும்னு சட்டத்துலயே இருக்குது. பழைய வீட்டுக்கு இந்த வாய்ப்பு கெடையாது. சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கம் ஐடி ஆளுக இருக்கற வரைக்கும் வீடு காலியா கெடக்காது, வாடகை ஒண்ணாந்தேதி போன்ல வந்து விழும். ஆனா நீங்க குடுக்கற 62 லட்சத்துல நிலம் எவ்வளவுன்னு கேட்டீங்களா? யூடிஎஸ்-ங்கற பிரிபடாத பாகம் பத்திரத்துல எத்தன சதுரடின்னு போட்டிருக்குது? 1,100 சதுரடி பிளாட்டுக்கு 400 சதுரடி சொச்சம் நிலம்னு வெச்சா ஒரு சென்டுக்கும் கம்மி. லைன் வீட்டுல அஞ்சரை சென்ட். கட்டடம் வருசா வருசம் தேயும், நிலம்தான் ஏறும், 20 வருசம் கழிச்சு உங்க கையில இருக்கறது அந்த ஒரு சென்ட் கூட இல்லாத நிலமும் ஒரு பழைய கட்டடத்துல பங்கும்தான். அப்பறம் அந்த நீச்சல் குளம், ஜிம்மு, மேல மாடித் தோட்டம் எல்லாத்துக்கும் சேத்துத்தான் சதுரடி விலை, வாடகைக்கு வர்ற பையன் காலைல எட்டுக்கு போய் ராத்திரி பத்துக்கு வர்றவன், அவனுக்கு நீச்சல் குளம் எதுக்கு. குளத்துக்கு குளோரின் போடற காசு மாசாமாசம் உங்களுது.

இன்னொரு பக்கம் திருப்பூர் லைன் வீடுங்கறது பனியன் தொழில் மேல கட்டின வீடுன்னு மறந்துராதீங்க. 2020 லாக்டவுன்ல வடக்கத்திப் பசங்க எல்லாம் ஊருக்குப் போனப்போ நான் மூணு மாசம் வாடகையே வாங்கல, கேக்கவும் மனசு வரல. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப திரும்பவும் ஒரு கலக்கம், ஓவர்டைம் நின்னு போச்சு, என்ற லைன்ல ஒருத்தர் ரெண்டு மாசம் பாதிப் பாதியா குடுத்தார். கோவைல காலேஜ், ஆஸ்பத்திரி, பம்ப்பு கம்பெனி, ஐடின்னு நாலு தொழில் இருக்குது, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கும். திருப்பூர் வாடகை சதவீதம் கூட இருக்கறதே இந்த பயத்துக்கும் சேத்துத்தான்.

இதுக்கெல்லாம் மேல, நீங்க பெங்களூர்ல இருக்கீங்க. இதத்தான் நீங்க கேள்வில ஒத்தை வரில எழுதிட்டு தாண்டிட்டீங்க, எனக்கு அதுதான் பெருசா தெரியுது. குழாய் வாசர் 10 ரூபா. நான் ஊர்ல இருக்கறேன், சாயங்காலம் வண்டில போறப்போ மாட்டிட்டு வந்துருவேன். உங்களுக்கு பிளம்பர் 400 கேப்பார், வர்றேன்னு நாலு நாள் வர மாட்டார், அதுக்குள்ள தண்ணி வழிஞ்சு கீழ செவுரு ஊறும், குடியிருக்கறவங்க போன் மேல போன். எட்டு வீடுன்னா எட்டு பாத்ரூம், எட்டு கக்கூசு, பதினாறு குழாயி. தள்ளி இருக்கறவங்களுக்கு கெட்டியான வீட்டோட மதிப்பு ஊர்ல இருக்கறவங்கள விட அதிகம், எனக்கு லாபமா இருக்கற அதே லைன் வீடு உங்களுக்கு தலைவலியா போகும். பாத்துக்க மச்சானோ சித்தப்பாவோ இருந்தா வேற கதை, ஆனா ஒரம்பரை சொந்தக்காரங்ககிட்ட வாடகை வசூல விட்டு பேச்சுவார்த்தை நின்னு போன வீடுக எனக்கே நாலு தெரியும், சம்பளம் போட்டு ஆள் வெக்கறது உத்தமம்.

என்னைய கேட்டீங்கன்னா ரெண்டும் வேண்டாம், மூணாவது ஒண்ணு தேடுங்கன்னுதான் சொல்லுவேன். அவசரம் ஒண்ணும் இல்லயே, பூமி வித்த காசு கைய அரிக்குது அவ்வளவுதானே. கோவைல கணபதி, கவுண்டம்பாளையம், இல்லாட்டி திருப்பூர்ப் பக்கமே திருமுருகன்பூண்டி மாதிரி எடத்துல ஒரு 12, 15 வருசப் பழைய தனி வீடு, கீழ ரெண்டு மேல ஒண்ணுன்னு மூணு குடும்பம் இருக்கற மாதிரி, மூணு சென்ட் மூணரை சென்ட்ல. முக்கியமா பாக்க அசிங்கமா இருக்கோணும். பச்சைக் கலர் பெயிண்ட், பழைய மொசைக் தரை, எலிவேஷன் கிலிவேஷன் எதுவும் இல்லாம பொட்டியாட்ட. சொந்தக்காரர் தான் குடியிருக்க கட்டி, அப்பறம் புள்ளைக வெளிநாடு போய் விக்கறதா இருந்தா இன்னும் நல்லது, தான் குடியிருக்க கட்டறவங்க கம்பிலயும் சிமெண்ட்லயும் கை வெக்க மாட்டாங்க. அழகு இல்லாததுக்கு அஞ்சாறு லட்சம் விலை கொறையும், அந்த அசிங்கத்த 60,000 ரூபா பெயிண்ட்ல சரி பண்ணிக்கலாம். தளம் கெட்டதை பெயிண்ட்ல சரி பண்ண முடியாது, என்ற மஞ்சக் கலர் வீடே சாட்சி. வாடகை லைன் அளவுக்கு வராது, பிளாட்ட விட நல்லா வரும், மூணு குடும்பம்னா போனும் மூணுதான் வரும்.

இல்லீங்க எனக்கு அந்த லைன்தான் புடிச்சிருக்குதுன்னா, விலைய இப்படிப் பேசுங்க. அக்கம்பக்கம் சென்ட் 8 லட்சம் போகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அஞ்சரை சென்ட்டுக்கு 44 லட்சம். அப்ப கட்டடத்துக்கு 14 லட்சம் கேக்கறாங்க. சுத்தியல்ல தட்டி, வயரிங் பாத்து, செப்டிக் டேங்க பாத்து, ரிப்பேர் 7 லட்சம்னு ஒரு நல்ல மேஸ்திரி எழுதிக் குடுத்தார்னா அந்தத் தாள மடியில வெச்சுக்கிட்டு 50-க்கு பேசுங்க. 51-க்கு முடிஞ்சா வாங்கலாம், அதுக்கு மேல போனா நான் வாங்க மாட்டேன். வாங்குனா மொத வருச வாடகைய தொடாதீங்க, அத்தனையும் அந்த வீட்டுக்கே போகட்டும்.

குடி வைக்கும்போது வாய்ப் பேச்சுல விடாதீங்க. தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரில அமலுக்கு வந்ததுல இருந்து வாடகை ஒப்பந்தம் எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியோணும், அட்வான்ஸ் ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத பட்சத்துல மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. வருமான வரில வாடகைல வீட்டு வரிய கழிச்சுட்டு மிச்சத்துல 30 சதவீதம் பராமரிப்புக்குன்னு தானா கழிச்சுக்குவாங்க, பில்லு எதுவும் காட்ட வேண்டியதில்ல, உங்க ஆடிட்டர் பாத்துக்குவார்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றீங்கன்னா புரோக்கர்கிட்ட சொல்லாம காலைல ஆறு மணிக்கே அந்த லைனுக்கு போங்க. அந்நேரம் நல்லதண்ணி வந்தா எல்லாரும் குடத்தோட வெளிய நிப்பாங்க, வராட்டி வராததப் பத்தி பேசிக்கிட்டு நிப்பாங்க. நாலஞ்சு வருசமா இருக்கற அக்கா யாராச்சும் ஒருத்தர்கிட்ட மழைல எந்த வீடு ஒழுகுதுங்கக்கா, இதுக்கு முன்னாடி கடைசியா எந்த வீடு காலி ஆச்சு, ஏன் போனாங்கன்னு கேளுங்க, புரோக்கர் ஒரு மாசம் சொல்லாதத அஞ்சு நிமிசத்துல சொல்லிருவாங்க. அப்பறமா பத்து மணிக்கு வீட்டுக்காரர வரச் சொல்லி, அவர் முன்னாடியே சீலிங்க தட்டிப் பாருங்க. அவர் பதறுனார்னா எந்த வீட்டுல எந்த மூலைல தட்டும்போது பதறுனார்னு குறிச்சு வெச்சுக்கிட்டு எனக்கு எழுதுங்க.